யோகன் சுரண்டிப் பார்த்த எஞ்சின் நம்பர்

என் மச்சான் யோகன் ஒரு பொய்யன்.

சாடைமாடையாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா என்று சனம் கூடுகிற இடமெல்லாம் அவன் ஒரு கதை சொல்கிறான். "எங்கட சுகந்தியின்ர மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் வாங்கின கதை தெரியுமா?" என்று தொடங்குவான். தெரியாதவர் ஒருவரும் மட்டக்களப்பில் இப்போது மிச்சமில்லை. ஆனாலும் எல்லோரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். (முதலில் கதிரை இழுப்பவள் என் மனைவி சுகந்தி. அவனுடைய தங்கச்சி.)

அந்தக் கதையில் நான் மடையன், அவன் அப்பாவி. நான் மடையன் என்பது உண்மை, அதில் எனக்கு வழக்கில்லை. அவன் அப்பாவி என்பதைத்தான் இங்கே கிழிக்கப்போகிறேன்.

நான் கல்லடிக்காரன். வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். சுனாமி எங்கள் வீட்டை எடுத்தது. என் பழைய மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டுபோய், நாலு வளவு தள்ளி ஒரு தென்னையடியில் தலைகீழாகக் குத்திவிட்டுப் போனது. கடலுக்கே வேண்டாத வண்டி. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் வீட்டுத்திட்டங்கள் முளைத்தன. வரிசையாக வீடுகள், வரிசையாக சுவிட்ச்சுகள். வேலைகளைப் பார்வையிட நிவாரண நிறுவனம் ஒன்று ஒரு பெண்ணை அனுப்பியது. அவள் என்னோடு பேசிய முதல் வசனம் இது:

"இந்த சுவிட்ச் தலைகீழாப் பூட்டியிருக்கு. அதிலயே மேல், கீழ் எண்டு எழுதியிருக்கே, நீங்க வாசிக்கிறேல்லையா?"

அதுதான் சுகந்தி. அன்றைக்கே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. நான் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டேன்.

சுகந்தியின் ஊர் மண்டூர். வாவிக்கு அந்தப் பக்கம், நாங்கள் படுவான்கரை என்று சொல்கிற பக்கம். சண்டைக் காலத்தில் அங்கே போய்வருவதே பெரும்பாடு, இதில் கலியாணம் எங்கே பேசுவது? சண்டை முடியட்டும் என்று இருந்தோம். முடிந்தது. உடனே எனக்கு அடுத்த சண்டை தொடங்கியது. அதன் பெயர் நல்லதம்பிப் போடியார். சுகந்தியின் அப்பா.

போடியார் என்றால் வயற்காணி நிறைய உள்ளவர். இவருக்கு வட்டையில், அதாவது ஊர் வயல்வெளியில், நிறைய வயல் இருந்தது, உடம்பில் நிறைய உடம்பு இருந்தது, வலது முழங்காலில் மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. காலைத் தூக்கிச் சாதாரண மோட்டார் சைக்கிளில் ஏற அவரால் ஏலாது. இருக்கை தாழ்ந்த, கதிரையில் சாய்வதுபோல் சாய்ந்துகொண்டு ஓட்டுகிற குரூசர் சைக்கிளில்தான் ஏறுவார். அது போதாது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கப் 'பாதை' ஒன்று உண்டு. (ரோடு அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற தட்டு. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாதை.) மண்டூர்ப் பக்கம் இறங்கியதும் ஒரு ஏற்றம். அந்த ஏற்றத்தில் போடியாரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறுகிற சைக்கிள் அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான். மற்ற எல்லோரும் அவரை இறக்கிவிடுவார்கள். அவர் மூச்சிரைக்க நடந்து ஏறுவார், கரையில் நிற்கிற சனம் வாயைப் பொத்திக்கொள்ளும். அதை அவர் மறக்கவே மாட்டார்.

ஆகவே அவர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

"மனே, வீடு பிள்ளைக்கு எழுதியாச்சு. வட்டையிலயும் பங்கு இருக்கு. சட்டி பானை இருக்கு. நீ உன்னைக் கொண்டு வாறாய், சரி. உன்னோட என்ன வருது?"

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு அவர்களுடையது, அடுப்பு அவர்களுடையது, மாமரம்கூட அவர்களுடையது. மாப்பிள்ளை கொண்டுபோவதை வைத்துத்தான் அந்த முற்றத்தில் அவனுக்கு எவ்வளவு சத்தமாக இருமலாம் என்பது தீர்மானமாகும்.

"மோட்டார் சைக்கிள் வருது மாமா" என்றேன். "சாய்ஞ்சு ஓடுறது. இருநூற்றைம்பது சீசீ."

"என்னை இறக்காம அந்த ஏத்தத்தில ஏத்து. ஏத்தினா வீட்டுப்படி ஏற முந்தியே நாள் வைக்கிறன். ஏத்தாட்டி வேற மாப்பிள்ளை பாக்கிறன்."

அப்போது என்னிடம் இருந்தது ஒரு லேடீஸ் சைக்கிள். அதுவும் அம்மாவுடையது.

இனி யோகனுக்கு வருகிறேன். அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய ஒரே சைக்கிள் என்றேனே, அது அவனுடையது. ஜப்பான் குரூசர். அந்த வகையில் இரண்டு மொடல் உண்டு. ஒன்று நூற்றிருபத்தைந்து, மற்றது இருநூற்றைம்பது. இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே டாங்கி, ஒரே லைட். பத்தடி தள்ளி நின்றால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. யோகனுடையது இருநூற்றைம்பது. ஆனால் அதன் பக்கவாட்டு மூடியில் நூற்றிருபத்தைந்து என்று எழுதியிருக்கும்.

ஏன் என்றால் சண்டை. நல்ல மோட்டார் சைக்கிளை நல்லதென்று காட்டினால் அது உங்களிடம் நிற்காது. யாராவது வந்து, "அவசரம், நாளைக்குத் தாறம்" என்பார்கள். (எந்த உடுப்புப் போட்டவர்கள் என்று கேட்காதீர்கள். எல்லா உடுப்பிலும் வந்தார்கள். அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை.) ஆகவே யோகன் சின்ன மொடலின் மூடியை வாங்கிப் பூட்டினான், பின்சில்லுக்கு மெல்லிய டயர் போட்டான், எஞ்சின் நம்பருக்கு மேல் கறுப்புப் பெயின்ற் அடித்தான், அதற்கு மேல் மாட்டுச்சாணம் அப்பினான், வைக்கோலுக்குள் சொருகினான். தேடி வந்தவர்கள் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவனிடம்தான் நான் பாடம் கேட்கப் போனேன். அவன் தன் சைக்கிளின் முன்னால் குந்தியிருந்து சொல்லித் தந்தான். சின்ன மொடலில் பின்சில்லுப் பல்லுச்சக்கரம் பெரிதாக இருக்கும். காபரேற்றரின் வாய் சின்னதாக இருக்கும். பின் டயர் ஒல்லி. எஞ்சின் நம்பரின் முதல் எழுத்துகள் வேறு. எல்லாம் சரியாகத்தான் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, எழும்பி, கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று சொன்னான். அந்த ஒன்றில்தான் நான் கெட்டேன்.

"இதெல்லாம் சும்மா மச்சான். எங்கட பக்கத்தில நல்ல சைக்கிள் தன்னை நல்லதெண்டு சொல்லாது. நூத்தியிருபத்தஞ்சு எண்டு எழுதியிருந்தா, இன்னொருக்காக் கவனமாப் பார்."

கவனமாகப் பார் என்றுதான் சொன்னான். நான் அதை வேதவாக்காக எடுத்து, நூற்றிருபத்தைந்து என்று எழுதியதெல்லாம் இருநூற்றைம்பது என்று முடிவு கட்டினேன். சுனாமி வந்த பிறகு ஊரில் எல்லோரும் கடல் நிபுணர் ஆனது போல, சண்டை முடிந்த பிறகு நான் மாறுவேட நிபுணர் ஆனேன்.

வாழைச்சேனையில் ஒரு குரூசர் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. முற்றம் முழுக்கக் கருவாடு. கருவாட்டுக்கு நடுவில் மோட்டார் சைக்கிள். வீட்டுக்காரி திரேசா அக்கா வெளியே வந்தா.

"தம்பி, முன்னமே சொல்லிப்போடுறன். இது நூத்தியிருபத்தஞ்சு. இவர் மீன்பெட்டி கட்டலாம் எண்டு வாங்கினவர். பின்னுக்குப் பெட்டி வெச்சா முன்சில்லு எழும்புது. சும்மா ஒராள் ஓடுறதுக்கு நல்ல சாமான்."

பக்க மூடியைப் பார்த்தேன். நூற்றிருபத்தைந்து. ஆகா, மறைத்திருக்கிறார்கள்!

பின்சில்லைப் பார்த்தேன். ஒல்லி டயர். 'டயரையும் மாற்றியிருக்கிறான், கெட்டிக்காரன்.' பல்லுச்சக்கரத்தைப் பார்த்தேன். பெரியது. 'அட, அதுவரைக்கும் போயிருக்கிறான்.' காபரேற்றரைப் பார்த்தேன். சின்ன வாய். 'பெற்றோல் தட்டுப்பாட்டில் மாற்றியிருப்பான்.' எஞ்சின் நம்பரைத் தேடினேன். கறுப்புப் பெயின்ற்! (கடற்காற்றுக்குத் துரு பிடிக்காமல் எஞ்சின் முழுக்கவே அடித்திருந்தார்கள், அது என் மூளையில் ஏறவில்லை.) அதற்குமேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அது நூற்றிருபத்தைந்து என்று ஒவ்வொரு உறுப்பும் கத்தக் கத்த, இப்படி ஒரு மாறுவேடத்தை இந்த மாகாணத்திலேயே ஒருவரும் போட்டதில்லை என்று நான் வியந்துகொண்டே இருந்தேன்.

"ஓமக்கா, நூத்தியிருபத்தஞ்சுதான்" என்று சொல்லிக் கண்ணடித்தேன்.

"என்ன தம்பி கண்ணில?"

"ஒண்டுமில்லக்கா. எனக்கு விளங்குது." இன்னொருதரம் அடித்தேன்.

"என்ன விளங்குது?"

"சண்டை முடிஞ்சுதுதானே அக்கா. இனி ஏன் மறைப்பான்? எனக்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்." மூன்றாவது தரமும் அடித்தேன். இந்த முறை புன்சிரிப்போடு.

திரேசா அக்கா முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் எடுத்தா. "புருசன் கடலுக்குப் போன நேரம் பாத்து வந்து கண்ணடிக்கிறியா? கருவாட்டோட சேத்துக் காயப் போட்டுருவன் உன்னை!"

அந்த அமளிக்கு நடுவில்தான் அது நடந்தது. நான் தும்புத்தடிக்குத் தலையைக் காட்டாமல் சைக்கிளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். யோகன் சைக்கிளின் மறுபக்கம் குந்தியிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்தான். எஞ்சினின் மேல் இருந்த கறுப்புப் பெயின்றைச் சுரண்டினான். குனிந்து பார்த்தான். பிறகு செயினிலிருந்து கறுப்புக் கிறீசைப் பெருவிரலால் வழித்து, சுரண்டிய இடத்தின் மேல் பூசினான். எழும்பினான்.

இதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். (கண்ணடிக்காத நேரத்தில்.)

"என்ன மச்சான், அதுதானே?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"உனக்குத் தெரியாததா மச்சான்? நீதான் எல்லாம் படிச்சு முடிச்சிற்றியே" என்றான்.

பூரித்துப்போனேன். திரேசா அக்கா கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரம் பேசினால் அக்கா உசாராகி இருநூற்றைம்பதின் விலையைக் கேட்டுவிடுவா என்று பயம். அவ காசை வாங்கிக்கொண்டு சொன்ன கடைசி வார்த்தை, "மறுகாத் திரும்பி வந்து நிக்கக்கூடாது, சொல்லிற்றன்." திரும்பும் வழியில் ஏறாவூரில் சாப்பிட்டோம். சோற்றைப் பிசைந்த யோகனின் நகத்துக்குள் கறுப்புப் பெயின்ற் இருந்தது. அப்போது அதை உழைப்பின் அடையாளம் என்று நினைத்தேன். எனக்காக எவ்வளவு பாடுபடுகிறான்!

குறித்த நாளில் போடியார் கல்லடிக்கு வந்து, எங்கள் வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட்டு, நிறையச் சாப்பிட்டு, என் பின்னால் ஏறினார். சைக்கிள் ஒரு பெருமூச்சு விட்டது. நான் கேட்காததுபோல் இருந்தேன். கரையோர ரோடு தட்டையானது, அதனால் ஓடியது. ஓடியது என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியில் எங்களை முந்தி, திரும்பிப் பார்த்துக் கையசைத்துப் போகிற அளவுக்கு.

"மனே, இது என்ன மூச்சு வாங்குது?"

"இருநூற்றைம்பது அப்படித்தான் மாமா. அடக்கமா ஓடும்."

"யோகன்ர இப்படி இல்லையே."

"அவர் உதறி ஓட்டுறவர் மாமா."

குருமண்வெளியில் பாதையில் ஏறினோம். வாவி அமைதியாக இருந்தது. சனம்தான் அமைதியாக இல்லை. போடியார் சைக்கிளை விட்டு இறங்காமலே இருக்கிறார் என்ற செய்தி நாங்கள் கரைக்குப் போகமுந்தியே போய்விட்டது. மண்டூர்க் கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் சுகந்தி நின்றாள், புதுச்சேலை. பக்கத்தில் யோகன் தன் சைக்கிளோடு நின்றான். அவன் தோளில் தலை துவட்டுகிற துவாய் ஒன்று கிடந்தது.

(துவாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

பாதையைத் தள்ளுகிறவன் கேட்டான். "போடியார், இறங்கி ஏறுவமா?"

"நீ உன்ர வேலையப் பார். மருமகன் ஏத்துவான்."

மருமகன்! அந்த ஒரு சொல்லுக்கு நான் இமயமலையே ஏறியிருப்பேன். ஆனால் ஏற வேண்டியது சைக்கிள். முதல் கியரைப் போட்டு முறுக்கினேன். பாதையின் இறங்குபலகையைத் தாண்டினோம். ஏற்றத்தில் கால்வாசி ஏறினோம். பாதி ஏறினோம். கரையில் ஒருவன் கைதட்டத் தொடங்கினான். அப்போது என் கண்ணுக்கு முன்னால் லைட் உயர்ந்தது. பிறகு வானம் தெரிந்தது. முன்சில்லு எழும்பிவிட்டது. திரேசா அக்கா சொன்ன மீன்பெட்டி எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. நின்றது. ஒரு கணம் நாங்கள் அப்படியே இருந்தோம், கோயில் வாகனம் போல. பிறகு பின்னால் போகத் தொடங்கினோம்.

"மனே, பின்னுக்குப் போகுது."

"தெரியுது மாமா."

"பிரேக்கைப் பிடி மனே!"

பிடித்தேன். சில்லு நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. பாசி பிடித்த சீமெந்தில் வழுக்கி, பக்கவாட்டில் சுழன்று, ஏற்றத்தின் விளிம்பில் உராய்ந்து, மூன்று பேரும் வாவிக்குள் விழுந்தோம். நான், போடியார், நூற்றிருபத்தைந்து. தண்ணீர் இடுப்பளவு. பக்கத்தில் நின்ற ஒரு கிழவியின் கோழி பறந்து போடியாரின் தலைக்கு மேலால் போய் எங்கேயோ இறங்கியது. அவர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். வேட்டி அவரைச் சுற்றிக் குடைபோல் விரிந்து மிதந்தது. கரையில் இந்த முறை ஒருவரும் வாயைப் பொத்தவில்லை, அவ்வளவுக்கு அதிர்ச்சி. பிறகு ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். பிறகு எல்லோரும்.

சுகந்தி தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். என்னிடமோ அப்பாவிடமோ வருவாள் என்று பார்த்தால், சீமெந்து விளிம்பில் சாய்ந்து பாதி வெளியே தெரிந்த சைக்கிளிடம் போனாள். மூடியைக் கையால் துடைத்தாள்.

"இதில நூத்தியிருபத்தஞ்சு எண்டு எழுதியிருக்கே. வாசிக்கிறேல்லையா நீங்க?"

"அது பொய்க்கு எழுதினது சுகந்தி" என்றேன். சேற்றில் நின்றுகொண்டும் நான் விடவில்லை.

சீமெந்தில் உராய்ந்ததில் எஞ்சினின் கறுப்புப் பெயின்றும் கிறீசும் போயிருந்தன. அவள் குனிந்து எழுத்து எழுத்தாக வாசித்தாள். சின்ன மொடலின் எழுத்து. சின்ன மொடலின் இலக்கம். ஊர் முழுக்கக் கேட்டது.

போடியார் என்னைப் பார்த்தார். கோபம் என்றால் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. "இறங்கச் சொல்லியிருந்தா இறங்கியிருப்பனே மனே" என்றார். பிறகு கரையைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் கலியாணம் சரிவராது."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுபடியும் மாறுவேடத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன். பேசியது சுகந்தி.

"அப்பா, வீட்டை எனக்கு எழுதியாச்சா இல்லையா?"

"எழுதியாச்சு."

"அப்ப அந்த வீட்டுக்கு ஆர் வாறதெண்டு நான் சொல்லுறன். இவர்தான் வாறார். சைக்கிள் வராது."

இடுப்பளவு தண்ணீரில், புதுச்சேலையில், சேறு வழிய நின்று சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யோகன் இறங்கி வந்து அப்பாவைத் தூக்கித் துவாயால் துடைத்து, தன் சைக்கிளில் ஏற்றினான். அது ஒரு முறுக்கில் ஏற்றத்தில் ஏறிப் போய்விட்டது. போடியார் திரும்பிப் பார்க்கவேயில்லை. நாள் வைக்க அவர் சம்மதித்தது ஒரு போகம் வெட்டி முடிந்த பிறகு.

அன்றிலிருந்து எனக்கு மண்டூரில் பெயர் 'அரைவாசி மாப்பிள்ளை'. இருநூற்றைம்பதில் பாதிதானே. பால்காரன் கேட்கிறான், "அரைவாசி நிக்கிறாரா?" என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர், நல்ல மனுசன், என் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு முற்றத்தில் நான் இன்றுவரை சத்தமாக இருமியதில்லை.

யோகன் ஏன் செய்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. வீடு தங்கச்சிக்கு. வட்டையில் நல்ல பங்கு தங்கச்சிக்கு. அவன் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போக வேண்டியவன். அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்தது ஒன்றுதான், அப்பாவைப் பின்னால் வைத்து அந்த ஏற்றத்தில் ஏற்றுகிற உரிமை. மரியாதைக்குரிய மீன்தலை அவன் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்ததும் அதற்காகத்தான். நான் ஒரு இருநூற்றைம்பதோடு வந்து அதையும் எடுத்துக்கொண்டு போவதா? பிறகு அவன் கல்லடியில் கலியாணம் முடித்துப் போன பின்னும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாவியைக் கடந்து வந்து, அப்பாவைக் கோயிலுக்கும் வட்டைக்கும் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் போனான். மழையிலும் வந்தான். அதை நான் மறுக்கமாட்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

ஏனென்றால் அவன் இன்னும் சொல்கிறான், தான் அந்த எஞ்சினைத் தொடவேயில்லையாம். நான் கண்ணடித்துக்கொண்டிருந்த நேரம் அவன் வாசலில் நின்று கருவாட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தானாம். நம்புகிறார்கள். என் மனைவியும் நம்புகிறாள்.

யோகன், இதை நீ வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சுகந்தி உனக்கு வாசித்துக் காட்டுவாள், சிரித்துச் சிரித்து. வருகிற திருவிழாவில் தீர்த்தம் முடிந்து சனமெல்லாம் பாதையடியில் நிற்கும். போடியாரும் கதிரை போட்டு இருப்பார். அங்கே, அந்த ஏற்றத்தில் ஏறி நின்று, எல்லோர் முன்னாலும் இரண்டு கேள்விக்கு மறுமொழி சொல். அந்தக் கறுப்புப் பெயின்றுக்குக் கீழே நீ என்ன வாசித்தாய்? மழையுமில்லாத, குளிக்கவும் போகாத ஒரு நாளில், துவாயோடு எதற்கடா பாதையடிக்கு வந்தாய்?

சத்தமாகச் சொல். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.